கலப்பவர் யாருமில்லை, கலப்பது பாறை

நம் கே.கே. நகரில் ஆழ்துளைக் கிணறு இல்லாத அடுக்ககத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஃபுளோரைடு பற்றிய பயமோ மாநகராட்சிக் குழாயின் மேல்தான் திரும்புகிறது. பயப்படும் இடம் மாறிப்போயிருக்கிறது.

நம்பிக்கை: அரசு குடிநீரில் ஃபுளோரைடு கலக்கிறது.

உண்மை: இந்தியாவில் பொதுக் குடிநீரில் ஃபுளோரைடு கலக்கும் வழக்கமே இல்லை. கிருமிகளை அழிக்கக் கலப்பது குளோரின். நாம் கேள்விப்படும் சண்டை அமெரிக்காவுடையது. பல் சொத்தையைத் தடுக்க 1945இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரம் முதன்முதலில் ஃபுளோரைடைக் கலந்தது. இன்று அங்கே பரிந்துரைக்கப்படும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். ஃபுளோரைடு பற்பசை பரவிவிட்டதால் தண்ணீரில் கலப்பதன் கூடுதல் பலன் குறைந்துவிட்டது என்கிறது 2024இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு. 2025இல் யூட்டா மாநிலம் தடையே விதித்தது. கனடாவின் கால்கரி நகரமோ 2011இல் நிறுத்தியதை அதே 2025இல் மீண்டும் தொடங்கியது.

நம்பிக்கை: ஃபுளோரைடு குழந்தைகளின் அறிவுத்திறனைக் குறைக்கும்.

உண்மை: அளவைச் சொல்லாமல் இதைச் சொல்லக் கூடாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் அப்படியொரு தொடர்பு தெரிகிறது என்று அமெரிக்க தேசிய நச்சியல் திட்டம் 2024இல் அறிவித்தது. 0.7 பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றும் அதுவே சொன்னது.

நமக்கு உறைக்க வேண்டியது அந்த 1.5. கருங்கல் பாறை இடுக்குகளில் நெடுநாள் தங்கும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு தானாகவே கரைகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களின் பல்லில் பழுப்புக் கறை ஏறியதும், பலருக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகியதும் இப்படித்தான். எலும்பில் ஏறிய பாதிப்பை மருந்தால் மீட்க முடியாது. அதனால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை 2013 முதல் அங்கே கொண்டுபோகிறது. அதே காவிரி நமக்குக் குழாயிலேயே வருகிறது. ஆற்று நீரில் ஃபுளோரைடு பொதுவாகக் குறைவு.

நம்பிக்கை: போர் தண்ணீரைக் காய்ச்சினால் போதும்.

உண்மை: காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். நிறம், மணம், சுவை எதிலும் அது தெரியாது. புற ஊதா விளக்கு மட்டும் உள்ள வடிகட்டி உதவாது, ஆர்.ஓ. பெருமளவு நீக்கும்.

ஃபுளோரைடு பற்பசை விஷம் என்று தூக்கி எறிவதும் தவறு. சொத்தையைத் தடுப்பதில் அதற்கு உறுதியான சான்று உண்டு. மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

போர் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தும் வீட்டார், குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் அதைச் சோதித்துவிடுங்கள். இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீரே இல்லாத இடத்தில்தான் 1.5 வரை அனுமதி. நமக்கு வேறு நீர் இருப்பதால், 1 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்த போரைத் துவைக்கவும் கழுவவும் மட்டும் வைத்துக்கொண்டு, உலையில் ஊற்றுவது உட்பட எல்லாவற்றுக்கும் காவிரிக் குழாய்க்கு மாறுங்கள்.