விலைச்சோறும் விருந்தோம்பலும்

விருந்து என்றதும் இலை நிறைந்த உணவே இன்று நம் நினைவுக்கு வருகிறது. அச்சொல்லின் பழம்பொருள் புதுமை என்பதாகும். செய்யுளின் எண்வகை வனப்புகளைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர், புதிதாகப் புனையப்படும் யாப்பினை விருந்து என்றே குறிக்கிறார். அவரே கற்பியலில், விருந்து புறந்தருதலை இல்லறத் தலைவியின் மாண்புகளுள் ஒன்றாக வைக்கிறார். புதுமையைக் குறித்த சொல் புதிதாய் வந்த மனிதரைக் குறித்து, பின்னரே அவருக்கு இடும் உணவுக்கு ஆகி வந்தது. பண்டைய வழக்கில் உறவினர் சுற்றத்தார் எனப்பட்டனர். முன்பின் அறியாதவரே விருந்தினர். அவ்வகையில் நோக்கின், மொழியறியாது, வழியறியாது, பெட்டியும் கையுமாக வந்திறங்கும் சுற்றுலாப் பயணியே இக்காலத்தின் உண்மையான விருந்தினர் எனலாம்.

ஆயின் அவர் உண்ணுமிடம் இல்லம் அன்று, உணவு விடுதி. இடுபவர் இல்லறத்தார் அல்லர். மாதச் சம்பளத்திற்கு நிற்கும் பரிமாறுபவர். உண்டபின் கல்லாவில் பணம் செலுத்த வேண்டும். பணம் பெற்றுக்கொண்டு இடும் சோற்றை விருந்தோம்பல் என்று சொல்லலாமா என்பது நியாயமான வினாவே. சோற்றை விற்பது இழிவு என்ற எண்ணம் நம் சிற்றூர்களில் நெடுங்காலம் இருந்ததையும் மறத்தற்கில்லை.

சங்க இலக்கியம் இரு நிலையையும் காட்டுகிறது. சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணர்க்கு நெய்தல் நிலத்தார் சுட்ட மீனும், ஆமூர் உழவர் வெண்சோற்றுடன் நண்டும் தருகின்றனர். பெரும்பாணாற்றுப்படையில் கோவலர் பாலுடன் தினைச்சோறு தருகின்றனர். எவரும் விலை கேட்பதில்லை. அதேவேளை, மதுரைக்காஞ்சி காட்டும் நகரத்தில் அடையும் மோதகமும் விற்கும் கூவியர் இரவு முதிர்ந்தபின் கடையிலேயே உறங்குகின்றனர். புகார் நகர வீதியிலும் கூவியர் இருந்ததை இளங்கோவடிகள் பதிவு செய்கிறார். ஊர் நகரமாகும்போது புதியவர் தொகை பெருகுகிறது. அத்தனை பேரையும் இல்லங்கள் தாங்க முடியாது. அங்கே விலைச்சோறு தோன்றுவது இயற்கை. அது விருந்தோம்பலின் வீழ்ச்சி என்று கருதுவது பொருந்தாது என்பது என் கருத்து. நள்ளிரவில் இரயிலிலிருந்து இறங்குபவனுக்கு, திறந்திருக்கும் ஒரு கடை செய்யும் உதவியைப் பசித்தவனே அறிவான்.

இங்கே பரிமேலழகர் நமக்குத் துணைக்கு வருகிறார். மோந்தால் குழையும் அனிச்சத்தையும், முகம் மாறி நோக்கினாலே வாடும் விருந்தினரையும் ஒப்பிடும் குறளுக்கு உரை காணும்போது, விருந்தோம்புவார்க்கு இன்றியமையாதவை மூன்று என்கிறார் அவர். தொலைவில் கண்டபோது இன்முகம். அதுகண்டு அருகில் வந்தபோது இன்சொல். அதற்கு உடன்பட்டபோது நன்று ஆற்றுதல். ஒன்றைப் பற்றியே அடுத்தது வருகிறது. முகம் சரியில்லையெனில் விருந்தினர் அருகில் வாரார். சோறு எவ்வளவு சுவைத்தாலும் பயனில்லை.

இப்போது உணவு விடுதியின் விலைச்சீட்டைப் பார்ப்போம். அரிசி, எரிபொருள், வாடகை, கூலி, வரி ஆகிய அனைத்தும் அத்தொகையுள் அடங்குகின்றன. அதாவது, மூன்றாவதாகிய நன்று ஆற்றுதலுக்கு விலை உண்டு. இன்முகத்துக்கும் இன்சொல்லுக்கும் அச்சீட்டில் வரி ஏதும் இல்லை. அவை இரண்டும் பரிமாறுபவரின் சொந்தக் கொடை. சேவைக் கட்டணம் என ஒன்றைத் தாமாகவே சீட்டில் சேர்க்கக் கூடாது என்று நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் நெறிமுறை வகுத்தது. டெல்லி உயர்நீதிமன்றம் 2025இல் அதனை ஏற்றது. விரும்பிக் கொடுக்கும் இனாம் வேறு. கட்டாயமாக வாங்கிய கட்டணத்தால் ஒரு புன்னகையேனும் கூடியதாக நான் கண்டதில்லை.

கன்னியாகுமரியை எடுத்துக்கொள்வோம். அங்கே 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலை 133 அடி உயரமுடையது. அதில் பீடம் மட்டும் 38 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிப்பது. விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். எனவே அதுவும் அப்பீடத்துள் அடங்கியதே. 2024 திசம்பரில் சிலைக்கும் விவேகானந்தர் பாறைக்குமிடையே கண்ணாடிப் பாலமும் திறக்கப்பட்டது. கதிரவன் எழுவதைக் காண இந்தி பேசுவோர், வங்காளியர், மலையாளிகள், வெளிநாட்டார் எனப் பலரும் விடியுமுன்னரே கடற்கரையில் கூடுகின்றனர். கதிரவன் எழுந்ததும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உணவு விடுதிகளுக்குள் நுழைகின்றனர். பரிமாறுவோரின் முகம் சோதிக்கப்படும் வேளை அதுவே.

மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற ஓராண்டில் ஒரு காட்சி கண்டேன். வடபுலத்துக் குடும்பம் ஒன்று அவியலைப் பார்த்து ஐயத்துடன் ஏதோ கேட்டது. பரிமாறிய இளைஞர்க்கு இந்தி பத்துச் சொற்களுக்குமேல் தெரியாது. அவர் உள்ளே சென்று, ஒரு தட்டில் முருங்கைக்காய், வாழைக்காய், தேங்காய்த் துண்டு ஆகியவற்றை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். வீட்டு மூதாட்டி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தலையசைத்தார். அடுத்த மேசையில் ஒருவர் குழம்புக்காகக் குரலெழுப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த இளைஞரே விடை சொல்லவேண்டியிருந்தது. உண்டு முடித்தபின் அக்குடும்பத்தார்க்கு மட்டிப்பழம் வைத்து, அப்பெயரை இருமுறை சொல்லிக் கொடுத்தார். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் அது. அரசு தந்த சான்றிதழை ஒரு மேசையளவில் பொருளுடையதாக்கியவர் அந்தப் பரிமாறுபவரே.

உண்பொருளில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்க்கு மெய்யை உரைத்தல் இன்சொல்லின் முதற்பகுதி. வெங்காயம் பூண்டு உண்ணாச் சமணர் கேட்பார். ஹலால் உணவா என்று முஸ்லிம் பயணி கேட்பார். மரக்கறியும் புலாலும் ஒரே எண்ணெயில் பொரிக்கப்படுகின்றனவா என்று வேறொருவர் கேட்பார். தெரியாதபோது, உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்பதே மரியாதை. எல்லாவற்றிற்கும் ஆம் என்று தலையாட்டுவதை இன்சொல் என்று கொள்ளலாகாது. உள்ளூரார்க்கு ஒரு விலை, வெளியூரார்க்கு ஒரு விலை என்னும் வழக்கமும் சில சுற்றுலா ஊர்களில் உண்டு. புதியவர் என்பதாலேயே போற்ற வேண்டியவரை, புதியவர் என்பதாலேயே ஏமாற்றுவது அது.

பரிமாறுவோர்க்கு அறிவுரை கூறுவது எளிது. பெரும்பாலான கட்டுரைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. காலை முதல் இரவு வரை நின்றவாறே உழைப்பவர் எங்ஙனம் முகமலர்ச்சி காட்டுவார்? கடைகளில் பணிபுரிவோர்க்கு இருக்கை வேண்டும் எனத் தமிழ்நாடு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அதன் உட்கருத்து உணவு விடுதி முதலாளிகளுக்கும் எட்ட வேண்டும். பரிமாறுபவர் நேரத்தில் உண்டாரா, அமர்ந்தாரா என்பதைக் கவனிப்பவரே பயணியிடம் அவர் முகம் மலர வேண்டுமென எதிர்பார்க்க உரிமையுடையவர். மேலும், இன்று நம் விடுதிகளில் பணிபுரிவோர் பலர் அசாம், பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். புதியவர் என்னும் பொருளில் அவர்களும் நமக்கு விருந்தே. உண்ண வருபவர் விரல் சொடுக்கி அழைக்கும்போது, விருந்தினர் ஒருவர் மற்றொரு விருந்தினரை வாட்டுகிறார். உண்பவருக்கும் முகம் உண்டல்லவா?

நம் மாணவர் சிலர் விடுமுறையில் பரிமாறும் பணிக்குச் செல்கின்றனர். வகுப்பில் அதைச் சொல்லக் கூசுகின்றனர். அவர்கள் ஆற்றுப்படை நூல்களை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். பரிசில் பெற்று மீளும் பாணன், எதிரே வரும் வறிய பாணனுக்கு வழியும், வழியிடை உணவும், கொடுப்பவன் இயல்பும் கூறுகிறான். ஊர் திரும்பும் சுற்றுலாப் பயணியும் அண்டை வீட்டாரிடமும் கைப்பேசியிலும் அதையே செய்கிறார். இன்ன ஊருக்குச் செல்க, இன்ன தெருவில் உண்க, அங்கே ஓர் இளைஞர் இருக்கிறார், காய்களைத் தட்டில் வைத்துக் காட்டுவார் என்கிறார். அந்த இளைஞரின் பெயர் அவருக்குத் தெரியாது. அடையாளம் மட்டும் சொல்கிறார்.