பழைய ஃபிளாப்பியில் உறங்கும் தமிழை மீட்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

1990களில் சிற்றிதழ், ஊர் வரலாறு, திருமண மலர், ஆய்வேடு என்று எத்தனையோ தமிழ் எழுத்துகள் டி.டி.பி. கடைகளில் தட்டச்சாகி, ஃபிளாப்பியில் ஏறி, அலமாரிக்குப் போயின. பல நூல்களுக்கு அச்சுப் பிரதியும் இப்போது கிடைப்பதில்லை. இருக்கும் ஒரே பிரதி அந்த வட்டில்தான் என்றால், அதைக் காப்பாற்றும் வேலையை இனியும் தள்ளிப்போடக் கூடாது. காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சையும் பிடிக்கிறது.

இந்த வேலை இரண்டு பாதி. கோப்பைப் புதிய கணினிக்குக் கொண்டுவருவது முதல் பாதி. அதிலுள்ள தமிழைப் படிக்கும்படி ஆக்குவது இரண்டாம் பாதி. முதல் பாதியோடு நிறுத்தினால் கையில் இருப்பது வெறும் குறிகள்தான்.

படி 1: கையில் இருப்பது என்ன?

3.5 அங்குல ஃபிளாப்பி என்றால் வேலை எளிது. அது பெரும்பாலும் 1.44 எம்.பி. கொள்ளளவு கொண்டது, யூ.எஸ்.பி.யில் செருகும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று போதும். வளையக்கூடிய 5.25 அங்குல வட்டுக்கு அந்த டிரைவ் உதவாது. அதற்குரிய பழைய டிரைவோடு, கிரீஸ்வீசில் போன்ற சிறு மின்பலகையை இணைத்துப் படிக்க வேண்டும். பழைய மேக் கணினியின் 400, 800 கே.பி. வட்டுகளையும் சாதாரண யூ.எஸ்.பி. டிரைவ் படிக்காது.

படி 2: முதலில் பூட்டுங்கள்

3.5 அங்குல வட்டின் மூலையில் ஒரு சிறு தாழ் இருக்கும். துளை திறந்திருக்கும்படி அதை நகர்த்தினால், வட்டில் எதுவும் எழுத முடியாது. 5.25 அங்குல வட்டில் இது நேர்மாறு: பக்கவாட்டு வெட்டை ஒட்டுத்தாளால் மூட வேண்டும்.

வட்டின் பரப்பில் வெண்மையான திட்டுகள் தெரிந்தால் டிரைவில் செருகாதீர்கள். அந்த அழுக்கு டிரைவின் முனையில் ஒட்டி, அடுத்து வரும் வட்டுகளையும் கீறிவிடும். அத்தகைய வட்டை முதலில் சுத்தம் செய்ய வேண்டும்; அனுபவமுள்ளவர்களிடம் கொடுப்பது நல்லது.

படி 3: பிம்பம் எடுங்கள்

கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடாமல், வட்டு முழுவதையும் ஒரே பிம்பக் கோப்பாக எடுங்கள். விண்டோஸில் வின்இமேஜ், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ இதற்கு ஏற்றவை. டிடிரெஸ்க்யூ முதலில் நல்ல பகுதிகளை எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். நலிந்த வட்டுக்கு இந்த முறைதான் பாதுகாப்பு. 1.44 எம்.பி. வட்டின் முழுப் பிம்பம் 14,74,560 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பொருள்.

வட்டு படிக்கப்படாதபோது "ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும். எந்த நிலையிலும் "ஆம்" என்று சொல்லாதீர்கள்.

படி 4: ஹார்டு டிஸ்க் மட்டும் இருந்தால்

பல ஆண்டு அணைந்து கிடந்த கணினிக்கு அப்படியே மின்சாரம் கொடுக்க வேண்டாம். பவர் சப்ளையின் மின்தேக்கிகள் கெட்டிருக்கலாம். ஹார்டு டிஸ்கைக் கழற்றி, ஐ.டி.இ.–யூ.எஸ்.பி. அடாப்டரில் மாட்டுங்கள். 3.5 அங்குல டிஸ்குக்கு 12 வோல்ட் தனி மின்சாரம் தேவை. அதற்கான இணைப்பும் அடாப்டரோடு வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிஸ்க் தெரியாவிட்டால் பின்பக்க ஜம்பரை "மாஸ்டர்" நிலைக்கு மாற்றிப் பாருங்கள்.

டிஸ்கைக் கழற்ற வழியில்லை, கணினி நல்ல நிலையில் இயங்குகிறது என்றால் சீரியல் போர்ட் கைகொடுக்கும். இரு கணினிகளையும் 'நல் மோடம்' (null modem) கேபிளால் இணைத்து, இரு பக்கமும் ஒரே வேகம் வைத்து, கெர்மிட் அல்லது இசட்மோடம் முறையில் அனுப்பலாம். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒரு ஃபிளாப்பி அளவு நகர ஏறக்குறைய 26 நிமிடம் ஆகும்.

படி 5: எழுத்துருவையும் எடுத்து வாருங்கள்

பலர் தவறவிடும் படி இது. தமிழ் 1991லேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. ஆனால் கடைகளில் அது புழங்கப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்த எழுத்துருக்களே ஓடின. பாமினி என்ற எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான் தெரியும். ஆகவே பழைய கணினியின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் முழுவதுமாக நகலெடுங்கள். எந்தக் கோப்பில் எந்த எழுத்துரு என்பதைக் குறித்து வையுங்கள்.

படி 6: யூனிகோடுக்கு மாற்றுங்கள்

பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 6, 7 பதிப்புக் கோப்புகள் பலவற்றை லிப்ரேஆபிஸ் திறக்கும். உரையை எடுத்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் இடுங்கள். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று மூலக் குறியாக்கத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். தவறாகத் தேர்ந்தெடுத்தால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், அடுத்ததை முயலுங்கள். முடிவை யூடிஎஃப்-8 உரைக்கோப்பாகச் சேமியுங்கள்.

படி 7: மெய்ப்புப் பாருங்கள்

மாற்றி எல்லாவற்றையும் சரியாகச் செய்வதில்லை. இடையே வரும் ஆங்கிலச் சொற்களையும் தமிழ் என்று நினைத்துக் குலைத்துவிடும். மேற்கோள் குறிகள் வேறு எழுத்தாகும். ஒகர, ஓகாரக் கொம்புகள் இடம் மாறும். அச்சுப் பிரதி கிடைத்தால் அதோடு ஒப்பிட்டு வரிவரியாகப் படியுங்கள்.

படி 8: மூன்றையும் சேர்த்து வையுங்கள்

தொடாத பிம்பம், எழுத்துரு, திருத்திய யூனிகோடு உரை ஆகிய மூன்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, வட்டின் மேல் எழுதியிருந்த தலைப்பையும் ஆண்டையும் பெயராகக் கொடுங்கள். அதன் நகல்களை வெவ்வேறு இடங்களில் வையுங்கள். இன்று மாற்ற முடியாமல் போன பக்கத்தை நாளை இன்னொருவர் நல்ல கருவியால் மீட்கக்கூடும். அதற்கு அவருக்கு மூலப் பிம்பமும் எழுத்துருவும் வேண்டும்.