ஆழிப் பேரலையும் கடலோர ஊராட்சிகளின் கடமையும்

கடற்கரையில் வாழ்வோர் புயலை நன்கறிவர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதனை எதிர்பார்த்தே படகைக் கரையேற்றுகின்றனர். கூரையை இறுக்கிக் கட்டுகின்றனர். ஆனால், சுனாமி எனப்படும் ஆழிப் பேரலைக்குப் பருவமும் இல்லை. வானில் அறிகுறியும் இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் அது வாராமற் போகலாம். வந்தாலோ ஒரு முற்பகலில் ஊரையே வாரிச் செல்லும். ஆகவே, அது எங்கே தோன்றுகிறது, எவ்வாறு பரவுகிறது, ஊராட்சி மன்றத்தார் செய்யத் தக்கது யாது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

தோன்றும் இடங்கள்

நிலவுலகின் மேலோடு பல பெரும் பாளங்களால் ஆனது. கடலடியில் ஒரு பாளம் மற்றொன்றின் கீழ் மெல்லச் செருகும் இடங்களில் இறுக்கம் நெடுங்காலம் சேர்ந்து, பின்னர் ஒருநாள் திடீரென விடுபடுகிறது. அப்பொழுது கடல்தரை மேலெழும்பினால், அதன் மீதுள்ள நீர் முழுவதும் எழும்பி அலையாகப் பரவுகிறது.

பசிபிக் பெருங்கடலைச் சுற்றியே இத்தகைய இடங்கள் மிகுதி. 1960-ஆம் ஆண்டு மே மாதம் சிலி நாட்டில் தோன்றிய பேரலை, ஏறத்தாழ ஒரு நாள் பயணம் செய்து ஜப்பானிலும் உயிர்களைக் கொண்டது. 2011 மார்ச் 11-இல் ஜப்பானின் வடகிழக்குக் கரை பேரழிவுக்கு உள்ளாயிற்று. இந்தியப் பெருங்கடலில் இரண்டு இடங்களே பெரிதும் அஞ்சத் தக்கவை. ஒன்று, அந்தமான் முதல் சுமத்ரா வரையிலான கடலடிப் பகுதி. மற்றொன்று, பாகிஸ்தான், ஈரான் நாடுகளின் தென்கரையை ஒட்டிய மக்ரான் பகுதி. பின்னதில் 1945 நவம்பரில் தோன்றிய பேரலை பம்பாய்க் கரை வரை எட்டியது.

வீணான இரண்டு மணி நேரம்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலை ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு மேற்கே கடலடி அதிர்ந்தது. ஆழ்கடலில் ஆகாய விமானத்தின் வேகத்தில் பரவிய அலை, தமிழகக் கரையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்நேரம் முழுவதும் நம் கரையோர மக்கள் ஏதும் அறியாமல் அன்றாட வேலைகளில் இருந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். தப்புவதற்கு நேரம் இருந்தது. செய்தி சொல்ல வழி இல்லை.

இன்று அக்குறை பெரிதும் நீங்கியுள்ளது. ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையம், கடலடி அதிர்ச்சியைச் சில நிமிடங்களில் கணித்து அறிவிக்கிறது. எனினும், ஐதராபாத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வரை வந்த செய்தி, கடைசிக் குப்பத்துக் குடிசை வரை செல்லாவிடில் பயன் என்ன? அக்கடைசித் தொலைவைக் கடத்துவிப்பதே ஊராட்சியின் கடமை.

தவறான எண்ணங்கள்

கடல் உள்வாங்கினால்தான் பேரலை வரும் என்று பலர் எண்ணுகின்றனர். கடல் திடீரென உள்வாங்குவது உறுதியாக அபாய அறிகுறியே. ஆயினும், 2004-இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கிற்று; நம் கரையிலோ நீர் முதலிலேயே பெருகி வந்தது. எனவே, உள்வாங்கட்டும் என்று காத்திருத்தல் ஆகாது.

முதல் அலையோடு ஆபத்து முடிந்தது என்பதும் தவறு. அலைகள் பல மணி நேரம் அடுத்தடுத்து வரும். பின்வருவது முன்னதினும் பெரிதாக இருக்கக்கூடும்.

2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே கடலடி மீண்டும் அதிர்ந்தது. எச்சரிக்கை தரப்பட்டது, தரை பக்கவாட்டில் நகர்ந்தமையால் பேரலை எழவில்லை. இதனைக் கண்டு, எச்சரிக்கை வீண் என்று ஏளனம் செய்தல் தகாது. வாராத அலைக்கு ஒருமுறை மேடேறுவதால் இழப்பது அரைநாள் வேலை. வந்த அலைக்கு ஏறாவிடில் இழப்பது குடும்பம்.

ஊராட்சி செய்யத் தக்கவை

1. மேடான இடம், உறுதியான மாடிக் கட்டடம், புயல் பாதுகாப்பு மையம் ஆகியவற்றைக் குறித்து, அவற்றுக்குச் செல்லும் பாதைகளை ஆக்கிரமிப்பின்றி வைத்தல்.
2. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியவற்றின் ஒலிபெருக்கிகளை எச்சரிக்கைக்குப் பயன்படுத்த முன்னரே இசைவு பெறுதல்.
3. முதியோர், கருவுற்ற தாய்மார், உடல் ஊனமுற்றோர் ஆகியோரை அழைத்துச் செல்ல இன்னார் என வார்டுதோறும் பொறுப்பளித்தல்.
4. ஆழ்கடலில் உள்ள படகுகள் எச்சரிக்கை நீங்கும் வரை கரை திரும்பலாகாது என்பதை மீனவர்க்கு அறிவுறுத்தல்.
5. உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாகிய நவம்பர் 5-ஆம் நாள் ஆண்டுதோறும் ஒத்திகை நடத்துதல்.

உழவர்க்கும் இதில் பங்குண்டு. கடல்நீர் புகுந்த வயல் உவராகும். 2004-க்குப் பின் நாகைப் பகுதியில் வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி வடித்தும், ஜிப்சம் இட்டும், தக்கைப்பூண்டை மடக்கி உழுதும் நிலத்தை மீட்டனர். கிணறும் உப்பாகும் ஆதலின், குடிநீருக்கு மாற்று ஏற்பாடும் முன்னரே வேண்டும்.

சுமத்ராவை அடுத்த சிமுலுவே தீவு, அதிர்ச்சி தோன்றிய இடத்திற்கு மிக அணித்தே உள்ளது. அங்கு எவ்விதக் கருவியும் இல்லை. 1907-இல் வந்த பேரலையை மறவாத முதியோர், நிலம் பலமாக அதிர்ந்தால் மேட்டிற்கு ஓடுக என்று பிள்ளைகளுக்குப் பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தனர். 2004-இல் அத்தீவில் மாண்டோர் விரல்விட்டு எண்ணத் தக்கவரே. ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாகி என்னும் இரு சிற்றூர்கள் முறையான பயிற்சியால், சுனாமிக்கு ஆயத்தமான ஊர்கள் என 2020-இல் யுனெஸ்கோவின் ஏற்பைப் பெற்றன. சிற்றூர்கள் செய்ததை நம் ஊராட்சிகளும் செய்ய இயலும். அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொள்வோமாக.