ஆபரேஷன் முடிந்தும் ஊசி எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுக்கட்டியை எடுத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போடச் சொல்கிறார்கள். அவசியமா?
– வாசகி, பூதலூர்

பதில்: அவசியம்தான் அம்மா. புற்றுநோய், அறுவை சிகிச்சை, படுத்தே கிடப்பது மூன்றுமே ரத்தத்தை உறையத் தூண்டும். வீடு திரும்பிய பிறகும் சில வாரங்களுக்கு அந்த ஆபத்து உண்டு. அதனால்தான் பலருக்கு 4 வாரம்வரை ஹெப்பாரின் வகை ஊசி. கால் ரத்தக்குழாயில் உறைந்த ரத்தம் நகர்ந்துபோய் நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள். ‘உடம்பு அலுங்கக் கூடாது’ என்னும் சொந்தக்காரர்கள் பேச்சைக் கேட்காமல் அவரை நடக்கவிடுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தைலம் தடவி நீவ வேண்டாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம் என்றால் தஞ்சாவூர் பஸ்ஸுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.