சீ போட்டித் தன்னார்வலர் ஆக இப்போதே இறங்குங்கள்

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் மணி சேஞ்சர் கடையில் நிற்கும் பையனைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். மருத்துவம் பார்க்க மேடானிலிருந்து வந்த இந்தோனேசியக் குடும்பத்திடம் அவர்கள் பேசும் பாணியிலேயே பேசுவான். அடுத்து வரும் ஐரோப்பியப் பயணியிடம் ஆங்கிலம், பக்கத்துக் கடைச் சீனப் பாட்டியிடம் ஹொக்கியன், உள்ளே முதலாளியிடம் தமிழ். ரூப்பியாவின் பூஜ்யங்களில் குழம்பி நிற்பவருக்குக் குரலை உயர்த்தாமல் மறுபடியும் எண்ணிக் காட்டுவான். அதே பையனிடம் ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தால், ‘தனித்திறன்’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவான். அந்தக் கட்டத்தை நிரப்ப வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

2027 செப்டம்பரில் மலேசியா ஏழாவது முறையாகச் சீ எனப்படும் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்துகிறது. போட்டிகள் நடக்கும் மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. பதினொரு நாட்டு வீரர்கள் வருவார்கள். இப்படிப்பட்ட போட்டிகள் தன்னார்வலர் இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. ஆனால் ஆள் கேட்டாலே இடம் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு வந்த விண்ணப்பங்கள் மூன்று லட்சத்துக்கும் மேல்; எடுத்துக்கொண்டது 45,000 பேரை. சீ போட்டி அவ்வளவு பெரிதில்லைதான். இருந்தாலும் தேர்வு தேர்வுதான்.

படிவத்தில் பலரும் செய்யும் தவறு, எந்தப் பணி வேண்டும் என்ற கேள்விக்கு ‘எதுவானாலும் சரி’ என்று எழுதுவது. பணிவாகத்தான் எழுதுகிறார்கள். படிவம் பார்ப்பவருக்கோ அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. ஆள் குறைகிற இடத்தில் போட்டுவிடுவார். அடையாள அட்டை வழங்குவது, பார்வையாளருக்கு இருக்கை காட்டுவது, போக்குவரத்து, செய்தியாளர் அறை, ஆடுகள உதவி, நாட்டு அணிகளுடன் கூடவே இருந்து உதவுவது என்று பணிகள் பல. கடைசியாகச் சொன்னதைக் குறிவையுங்கள். இந்தோனேசியா, புருணை அணிகளுக்கு உங்கள் மலாய் போதும். சிங்கப்பூர் அணியுடன் ஆங்கிலமும் மலாயும் ஓடும், தமிழ் பேசும் ஆளும் இருக்கலாம். தமிழ் மட்டும் தெரிந்தால் இங்கே இடம் கிடைப்பது கடினம். தமிழோடு இன்னும் மூன்று மொழி தெரிந்தவர் என்றால் உங்களை விட மாட்டார்கள். அதனால் வெறுமனே ‘மலாய் தெரியும்’ என்று எழுதாதீர்கள். ‘தினமும் இந்தோனேசிய வாடிக்கையாளர்களிடம் பேசி வேலை செய்கிறேன்’ என்று எழுதுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு பணியையும் சொல்லிவிடுகிறேன். ஊக்கமருந்துச் சோதனைக்குத் தேர்வான வீரருடன் துணைக்குப் போகிறவர். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். போட்டி முடிந்ததும் வீரரிடம் போய், தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, சோதனை இருக்கிறது என்று சொல்லிக் கையொப்பம் வாங்க வேண்டும். அந்த நொடியிலிருந்து சோதனை அறைக்குள் போகும்வரை வீரர் கண்பார்வையை விட்டு மறையக் கூடாது. அவர் பதக்கம் வாங்கப் போகலாம், செய்தியாளரிடம் பேசலாம், உடம்பைத் தளர்த்த மெல்ல ஓடலாம், நீங்களும் கூடவே. குடிக்கக் கேட்டால் மூடி திறக்காத பாட்டில்கள் சிலவற்றை முன்னால் வைத்து, அவரையே ஒன்றை எடுக்கவிட வேண்டும். நீங்கள் திறந்து கொடுத்துவிடக் கூடாது. செல்ஃபி, ஆட்டோகிராஃப் எதுவும் கிடையாது. தோற்றுப்போன வீரர் அழுதுகொண்டிருக்கும்போதும் இதையெல்லாம் மரியாதையாகச் செய்ய வேண்டும். இங்கே நிதானமாக நின்றவருக்குப் பிறகு மருத்துவமனை முன்மேசை வேலையோ விமான நிலைய வேலையோ புதிதாகத் தெரியாது.

அனுபவம் இல்லையே என்று தயங்குகிறவர்களுக்குப் பினாங்குப் பால மாரத்தான் இருக்கிறது. 1985-இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலத்தில் நள்ளிரவு தாண்டித் தொடங்கும் ஓட்டம். தண்ணீர் மேசைக்கு எப்போதும் ஆள் வேண்டும். கோப்பையைப் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். அடிப்பக்கத்தைப் பிடித்து, கையை நீட்டி, ‘ஆயேர்!’ என்று கத்துங்கள். எது தண்ணீர், எது 100 பிளஸ் பானம் என்று தூரத்திலேயே சொல்லிவிட்டால் ஓடுபவர் தடுமாற மாட்டார். ஒரே இரவில் கூட்டம், களைப்பு, மேலாளரின் கட்டளை மூன்றையும் பார்த்துவிடுவீர்கள். ஸ்குவாஷ் வீராங்கனை நிகோல் டேவிட்டைத் தந்த ஊர் இது. ஸ்குவாஷ் ஆடத் தெரிந்தவர்கள் மாநிலச் சங்கத்தில் போய் உள்ளூர்ப் போட்டிகளுக்கு உதவக் கேளுங்கள். ஆட்ட விதி தெரிந்த தன்னார்வலருக்கு எந்த ஆடுகளத்திலும் மதிப்பு அதிகம்.

வேலையில் இருப்பவர்களுக்கு விடுப்புதான் பெரிய சிக்கல். 1955 வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டு நிறையாத ஊழியருக்கு ஆண்டு விடுப்பு குறைந்தது 8 நாள். அதன்பிறகு ஐந்து ஆண்டுவரை 12. பயிற்சி நாள்களும் சேர்ந்தால் 8 நாள் போதாது. ஆகவே தேர்வான கடிதம் கைக்கு வந்த அன்றே முதலாளியிடம் சொல்லுங்கள். எந்த ஷிஃப்ட், எத்தனை நாள், உங்கள் இடத்தில் யார் நிற்பார் என்பதையும் நீங்களே யோசித்துக்கொண்டு போங்கள். தீபாவளி வியாபாரத்தில் கூடுதல் நேரம் நிற்கிறேன் என்றால் லிட்டில் இந்தியாவில் பெரும்பாலான முதலாளிகள் இறங்கி வருவார்கள். சொல்லாமல் மெடிக்கல் லீவ் போடுவது வேண்டவே வேண்டாம். உங்கள் படம் ஃபேஸ்புக்கில் வரத்தான் போகிறது.

சம்பளம் இருக்காது. சீருடை, வேலை நேரச் சாப்பாடு, சான்றிதழ் ஆகியவைதான் வழக்கமாகக் கிடைப்பவை. தங்குமிடமும் பயணப்படியும் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். கோலாலம்பூரில் பணி என்றால் கைக்காசு கரையும். ‘இடம் உறுதி, இருநூறு வெள்ளி அனுப்புங்கள்’ என்று வாட்ஸ்ஆப்பில் வந்தால் அது மோசடி. மைகார்டு அடையாள அட்டை நகலையும் அங்கே அனுப்பாதீர்கள். ஏற்பாட்டாளரின் அதிகாரப்பூர்வப் பதிவுப் பக்கம் மட்டுமே போதும்.

போட்டி முடியும் வாரத்தில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேற்பார்வையாளர் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் அவரிடம் இரண்டு வரிக் கடிதமும் தொடர்பு எண்ணும் வாங்கிவிடுங்கள். சான்றிதழ் எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சாகி வரும். கடிதத்தில்தான் நீங்கள் செய்தது இருக்கும். பிறகு உங்கள் விவரக்குறிப்பில் ‘சீ போட்டித் தன்னார்வலர்’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த அணியுடன் இருந்தீர்கள், எந்த மொழிகளில் பேசினீர்கள், பேருந்து வராத இரவில் அணியை விடுதிக்கு எப்படிச் சேர்த்தீர்கள் என்று எழுதுங்கள். நேர்முகத்தில் முதல் கேள்வி அதிலிருந்துதான் வரும், அதற்கான பதிலும் உங்களிடமே இருக்கும்.