தன்னம்பிக்கையும் சோதனைச்சாலையும்

தமிழ் இளைஞர்க்குத் தன்னம்பிக்கை நூல்கள் புதியன அல்ல. அமெரிக்காவில் தொழில் நடத்தித் தாயகம் திரும்பிய எம். எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' எத்தனையோ வீடுகளில் உண்டு. 1988இல் வெளிவந்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் நாயகனுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இன்றைய அறிவுரைகள் பலவும் 'விஞ்ஞானம் மெய்ப்பித்தது' என்ற முத்திரையோடு வருகின்றன. மெய்ப்பித்ததா என்று கேட்பது விஞ்ஞான மாணவரின் கடமை அன்றோ?

ஒன்றை எடுத்துக்கொள்வோம். 2010இல் டேனா கார்னி, ஏமி கடி, ஆண்டி யாப் என்னும் மூவர் அமெரிக்காவில் 42 பேரைச் சோதித்தனர். கைகால்களை அகல விரித்து 2 நிமிடம் வீறுடன் இருந்தவர்களின் உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் கூடியது, கார்ட்டிசால் குறைந்தது, துணிவும் மிகுந்தது என்றனர். 2012இல் கடி இதுபற்றி ஆற்றிய சொற்பொழிவைக் கோடிக்கணக்கானோர் கேட்டனர்.

இங்கே திருவனந்தபுரத்தில் எங்கள் விடுதி நண்பரும் கேட்டார். வாய்மொழித் தேர்வன்று காலை, இடுப்பில் கைவைத்துக் கண்ணாடி முன் 2 நிமிடம் நின்றார். உள்ளே போனதும் நாக் குழறிவிட்டது. "விஞ்ஞானமே வழி சொல்லியும் என்னால் முடியவில்லையே" என்று அவர் நொந்துகொண்டதுதான் என்னை எழுதத் தூண்டியது.

2015இல் ஈவா ரானேஹில் குழுவினர் 200 பேரைக் கொண்டு அத்தகைய சோதனையை நடத்தினர். வலிமை மிகுந்த உணர்வு மட்டும் ஏற்பட்டது. சுரப்பிநீரிலோ துணிந்து செய்யும் செயலிலோ மாற்றம் காணப்படவில்லை. 2016இல் கார்னியே, அவ்விளைவு உண்மையென்று தாம் நம்பவில்லை என எழுதினார். ஆட்களைச் சிறுசிறு தொகுதிகளாகச் சேர்த்து, இடையிடையே முடிவைப் பார்த்து வந்ததையும் அவர் மறைக்கவில்லை.

அதில் என்ன பிழை? நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்து, தலை மிகுதியாக விழுந்த வேளை பார்த்து நிறுத்தினால், நல்ல நாணயமும் கள்ள நாணயமாகத் தோன்றும். 42 பேர் என்னும் சிறு தொகையில் இம்மயக்கம் இன்னும் எளிது. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. கடி பின்னரும், உணர்வு மாறுவதையேனும் வற்புறுத்தினார். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் உணர்வு வேறு, தேர்வுக்கு விடை வேறு.

ஆல்பர்ட் பண்டூரா 1977இலேயே, ஒரு செயலைச் செய்து வென்ற அனுபவமே தன்னம்பிக்கைக்கு வலிய ஊற்று என்று எழுதினார். 2 நிமிடத்தில் கிடைக்காத சரக்கு. அதனால்தான் சந்தையில் மலிவாக இல்லை!

நண்பர் இப்போது ஞாயிறுதோறும் எங்கள் நால்வர் முன் தம் ஆய்வைப் பற்றிப் பேசிப் பழகுகிறார். குறுக்குக் கேள்வி கேட்பது என் வேலை. சென்ற வாரம் இரண்டு கேள்விகளுக்கு விடை சொன்னார். மூன்றாவதற்குத் தெரியாது என்றார், நாக் குழறாமல்.