தற்செயலா? தேவகரமா?



வழியில் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திக்கிறோம். நினைத்துக்கொண்டிருந்த ஆளிடமிருந்தே போன் வருகிறது. போக வேண்டிய பஸ் போய்விடுகிறது. உலகத்தார், "அட, ஏதோ சான்ஸ்ல நடந்துடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். தேவபிள்ளைகளாகிய நாம் என்ன சொல்லுகிறோம்? இதை அறிந்துகொள்ள, "தற்செயலாய்" என்ற வார்த்தை நம்முடைய தமிழ் வேதாகமத்தில் வருகிற இடங்களில் இரண்டை இந்த மாதம் தியானிப்போம். வேதத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. போவாசின் வயல் (ரூத் 2:3)

ரூத் ஒரு விதவை. மோவாப் தேசத்தாள். மாமியார் நகோமியோடு பெத்லெகேமுக்கு வந்தபோது கையில் ஒன்றுமில்லை. வாற்கோதுமை அறுப்பு தொடங்கின சமயம். யாராவது தயவு காட்டினால் கதிர் பொறுக்கலாம் என்று புறப்பட்டாள். எந்த வயல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. தற்செயலாய் அவள் போய்ச் சேர்ந்த இடம் போவாசின் வயல்! அவன் அவளுடைய மாமனாரின் வம்சத்தான். அவளை ஆதரிக்கக் கடமைப்பட்டவர்களில் ஒருவன். பின்பு அவர்களுக்கு ஓபேத் பிறந்தான். ஓபேத்தின் பேரன் தாவீது ராஜா. அந்த வம்சத்தில்தான் நம்முடைய இரட்சகர் பிறந்தார். அல்லேலூயா!

இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். அன்று காலையில் ரூத்துக்குத் தரிசனம் கிடைக்கவில்லை, தீர்க்கதரிசனமும் வரவில்லை. பசிக்கு வேலை தேடிப் போனாள், அவ்வளவுதான். வயலுக்கு வந்த போவாசும் கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அவன் நின்று, இந்தப் பெண் யார் என்று விசாரித்தான். அவளை வயலுக்குக் கொண்டுவந்தது தேவனுடைய கரம். அவளை விசாரித்தது போவாசின் வாய். இரண்டும் சேர்ந்தபோதுதான் நகோமியின் வீட்டில் அடுப்பு எரிந்தது.

2. எரிகோவுக்குப் போகிற வழி (லூக்கா 10:31)

இயேசு சொன்ன உவமையிலும் இதே வார்த்தை வருகிறது. கள்ளரால் அடிபட்டு ஒருவன் குற்றுயிராய்க் கிடக்கிறான். தற்செயலாய் அந்த வழியே வந்தவர் ஒரு ஆசாரியன்! காயப்பட்டவனுக்கு இதைவிட நல்ல சந்திப்பு உண்டா? தேவனுடைய மனுஷனே எதிரே வருகிறார். ஆனால் அவர் பார்த்துவிட்டு விலகிப்போய்விட்டார். பின்னால் வந்த லேவியனும் அப்படியே செய்தான்.

அதே வார்த்தைதான் பிரியமானவர்களே! வயலில் அது ஆசீர்வாதமாய் முடிந்தது. வழியில் அது வீணாய்ப் போனது. வித்தியாசம் எங்கே? போவாஸ் நின்றான், ஆசாரியன் நிற்கவில்லை. தேவகரத்தைக் கவனிப்பது என்றால், "இன்று எனக்கு என்ன நன்மை வந்தது?" என்று பார்ப்பது மட்டுமல்ல. "இன்று என் எதிரே யாரை வைத்தார்?" என்று பார்ப்பதே அதைவிடப் பெரியது.

3. நான் தவறவிட்ட சந்திப்பு

இதை எழுத எனக்குத் தகுதியில்லை என்பதையும் வெட்கத்தோடு அறிக்கை செய்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், உபவாச ஜெபக் கூட்டத்தில் செய்தி கொடுக்கப் புறப்பட்டேன். கண்ணெதிரே பஸ் போய்விட்டது. "இது பிசாசின் தடை" என்று முணுமுணுத்தபடி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

பக்கத்தில் நடுத்தர வயதுள்ள ஒருவர் இருந்தார். மடியில் மஞ்சள் பை, அதற்குள் எக்ஸ்ரே கவர். என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்து, "அண்ணே, நீங்க ஜெபத்துக்குப் போறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்" என்றேன். "உங்க சபை எங்க இருக்கு?" என்றார். தெருப் பெயரைச் சொன்னேன். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்த பஸ் வந்துவிட்டது, நான் ஏறிவிட்டேன்.

உட்கார்ந்து செய்திக் குறிப்பைப் புரட்டினேன், ஒரு எழுத்தும் கண்ணில் ஏறவில்லை. உள்ளே ஆவியானவர் குத்திக்கொண்டே இருந்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி ஓடினேன். பெஞ்சு காலியாக இருந்தது. அவர் யார், அந்த எக்ஸ்ரேயில் என்ன இருந்தது, எதைச் சொல்ல வாயெடுத்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பஸ்ஸைத் தவறவிட்டது தடையல்ல, அதுதான் அன்றைய ஊழியம். நான் எந்தத் தடையைக் கடிந்துகொண்டேனோ, அதுவே கர்த்தர் எனக்குத் திறந்த வாசல்!

4. பண்ணைவிளையில் நின்ற ஒரு பெண்

ஆனால் நின்றவர்களும் உண்டு. ஏமி கார்மைக்கேல் அம்மையாரை நீங்கள் அறிவீர்கள். அயர்லாந்தில் பிறந்து, 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1951-ல் மரிக்குமட்டும் தாய்நாடு திரும்பாமல் நம்முடைய திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தவர். 1901-ம் ஆண்டு மார்ச் மாதம், டோனாவூரில் சில காலம் தங்கியிருந்துவிட்டு அப்போதுதான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார்.

அதே சமயத்தில் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, தன்னைக் கோவிலுக்கென்று வைத்திருந்த வீட்டிலிருந்து தப்பி அந்த ஊருக்கு வந்தாள். முன்னே ஒருதரம் தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடினவள். தாயோ பயந்து அவளைத் திருப்பி ஒப்படைத்துவிட்டாள். தண்டனையாக அந்தப் பிஞ்சுக் கைகளில் சூடு போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அவளைக் கண்டது ஒரு கிராமத்துப் பெண். அவள் "நமக்கேன் வம்பு" என்று விலகிப்போகவில்லை. பிள்ளையை அம்மையாரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிள்ளையும் போய் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். எத்தனையோ பிள்ளைகளுக்கு வீடான டோனாவூர் ஊழியம் அந்த ஒரு சந்திப்பிலிருந்துதான் தொடங்கியது.

அம்மையாரின் பெயரை உலகம் அறியும். கைப்பிடித்து அழைத்துவந்த அந்தப் பெண்ணின் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? பரலோகம் அறியும்!

5. எல்லாம் கர்த்தருடைய அடையாளமா?

இங்கே எச்சரிக்கையும் தேவை. பஸ் நம்பரையும் கனவில் வந்த எண்ணையும் கூட்டிக் கழித்து, "கர்த்தர் பேசிட்டார்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. அது விசுவாசம் அல்ல, குறி கேட்பது.

யோனா கீழ்ப்படியாமல் ஓடினபோது, யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் தயாராக நின்றது (யோனா 1:3). கையில் கூலிக்குப் பணமும் இருந்தது. கப்பல் கிடைத்துவிட்டதால் அது தேவசித்தம் ஆகிவிடுமா? தாவீது ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே சவுல் தனியாக வந்தான் (1 சாமுவேல் 24). கர்த்தர் குறித்த நாள் இதுதான் என்று கூட இருந்தவர்கள் தூண்டினார்கள். தாவீதோ, அபிஷேகம்பண்ணப்பட்டவன்மேல் கைபோட மறுத்துவிட்டான். ஆகவே சந்தர்ப்பத்தை வசனத்தால் நிதானியுங்கள். அது உங்களை அன்புக்கும் கீழ்ப்படிதலுக்கும் நடத்துகிறதா? தைரியமாய்ப் போங்கள். பழிவாங்கவும் கடமையை விட்டு ஓடவும் வசதி செய்து கொடுக்கிறதா? நின்றுவிடுங்கள்.

இன்னொன்று. துக்க வீட்டில் போய், "இதிலும் ஒரு நோக்கம் இருக்கு" என்று அவசரப்பட்டுச் சொல்லாதிருங்கள். நகோமி தன்னை மாராள் என்று கூப்பிடச் சொல்லி அழுதபோது, போவாசின் வயல் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அன்று அவளுக்குத் தேவைப்பட்டது விளக்கம் அல்ல, கூடவே நடந்துவந்த ரூத். அழுகிறவர்களோடு அழுவதே அந்த நேரத்து ஊழியம்.

6. இந்த மாதம் செய்ய வேண்டியது

காலை ஜெபத்தில், "ஆண்டவரே, இன்று நீர் என் எதிரே வைக்கும் ஆளைக் காண என் கண்களைத் திறந்தருளும்" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் முன்னதாகவே வீட்டை விட்டுப் புறப்படுங்கள். அவசரமே அநேக சந்திப்புகளைக் கொன்றுபோடுகிறது. கீரை விற்கிற அம்மாவிடமும், ஆட்டோ ஓட்டுகிற தம்பியிடமும் ஒரு வார்த்தை கூடுதலாக விசாரியுங்கள். ராத்திரி படுக்கப்போகுமுன் அன்று சந்தித்தவர்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி ஜெபியுங்கள். மாதக் கடைசியில் அதைத் திறந்து பாருங்கள். தனித்தனியாகத் தெரியாத தேவகரம், சேர்த்துப் பார்க்கும்போது தெரியும்.

வீட்டுக் கூட்டங்களில் பேச:
அ) "தடை" என்று நீங்கள் சலித்துக்கொண்ட ஒரு காரியம் பின்பு வாசலாகத் தெரிந்ததுண்டா?
ஆ) இந்த வாரம் யாரைப் பார்த்தும் விலகிப்போனீர்கள்? அவரிடம் திரும்பிப் போக இன்னும் வழி உண்டா?

ஜெபம்: அன்புள்ள பரலோகப் பிதாவே, எங்கள் வழிகளில் நீர் வைத்தவர்களை நாங்கள் காணாமல் கடந்துபோனதை மன்னியும். பெஞ்சில் நான் விட்டுவந்த அந்தச் சகோதரனை, எனக்குப் பதிலாக நின்று விசாரிக்கிற ஒருவரிடம் நீரே சேர்த்திருப்பீராக. இனி நாங்கள் நிற்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.